மூப்பின் வரைபடம்

மனிதனுக்கு வயதாகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். அவன் உடம்பில் எந்த இடத்தில் முதலில் வயதாகிறது என்று கேட்டால், பெரிய வைத்தியர்களும் சற்றுத் தயங்குவார்கள். சிலருக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. ஆனால் முழங்கால் இருபது வயதுக்காரனுடையது. சிலருக்கு முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்குகிறது. நரை, திரை, மூப்பு, சாக்காடு என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தி வைத்தார்கள். வரிசை அழகாகத்தான் இருக்கிறது. உடம்பு அந்த வரிசைப்படி நடப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களின் வயதை ஊகித்துப் பார்ப்பது ஒரு தொழில் பழக்கம். நான் இருக்கும் செவ்வாப்பேட்டை அதற்கு நல்ல இடம். அரக்கோணம் மார்க்கத்தில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே உள்ள ஊர். காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், அம்பத்தூருக்குப் போகிறவர்கள், கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரையும் இங்கே பார்க்கலாம். சூளையில் வேலை செய்தவருக்கும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் ரேஷன் கார்டில் ஒரே வயது போட்டிருக்கும். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள், தகப்பன் மகன் என்பீர்கள். காலண்டர் ஒரு வயதைச் சொல்கிறது. உடம்பு வேறொரு வயதைச் சொல்கிறது. அந்த இரண்டாவது வயது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, உலகத்தில் பல நூறு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனித உடம்பின் திசுக்களில் மூப்படைந்த உயிரணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் படம் அது. அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கோழிக்குஞ்சில் ஆரம்பிக்க வேண்டும்.

1912-ஆம் ஆண்டு நியூயார்க்கில் அலெக்ஸிஸ் காரெல் என்ற பிரெஞ்சு டாக்டர், கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கத் தொடங்கினார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. துணுக்கு வளர்ந்தது, மறுபடி மறுபடி வளர்ந்தது. 1944-இல் காரெல் காலமானார். துணுக்கு அவருக்குப் பிறகும் இருந்து, 1946-இல்தான் கைவிடப்பட்டது. எந்தக் கோழியும் முப்பத்துநாலு வருஷம் வாழ்ந்ததில்லை. ஆகவே உயிரணுவுக்குத் தனியாக மூப்பு கிடையாது, அது சிரஞ்சீவி, உடம்பு என்ற கூட்டுக் குடும்பத்தில் இருப்பதால்தான் அது சாகிறது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

மற்ற ஆராய்ச்சிசாலைகளில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குப் பலிக்கவில்லை. பலிக்காதபோது அவர்கள் என்ன நினைத்தார்கள்? தங்கள் கைப்பக்குவம் போதவில்லை என்று நினைத்தார்கள். நோபல் பரிசு பெற்றவர் சொன்னதை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? அந்தத் துணுக்குக்கு உணவாக ஊற்றிய கருச் சாற்றில் ஒவ்வொரு முறையும் புதிய உயிரணுக்கள் கலந்து போயிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். எப்படியிருந்தாலும், ஒரே ஓர் அறையில் நடந்த சோதனையை உலகம் ஐம்பது வருஷம் நம்பியது. தனி ஒருவர் கண்ட உண்மையை நாலு இடத்தில் நாலு பேர் உரசிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சரித்திரத்தில் கிடைப்பது அரிது.

1961-இல் பிலடெல்பியாவில் விஸ்டார் நிலையத்தைச் சேர்ந்த லியோனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இருவரும் இந்த நம்பிக்கையை உடைத்தார்கள். மனிதக் கருவின் திசுவிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஏறக்குறைய ஐம்பது தடவை இரண்டிரண்டாகப் பிரிகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. உணவு போதாமல் நிற்கிறதா, ஏதாவது கிருமி புகுந்து கெடுத்ததா என்ற சந்தேகம் வரும் அல்லவா? அதற்கு அவர்கள் ஒரு நல்ல உபாயம் செய்தார்கள். பல தடவை பிரிந்து களைத்துப்போன ஆண் உயிரணுக்களையும், சில தடவையே பிரிந்த பெண் உயிரணுக்களையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வளர்த்தார்கள். உணவும் ஒன்று, பாத்திரமும் ஒன்று. சில நாளில் பார்த்தால் இளைய பெண் உயிரணுக்கள் மட்டும் மிஞ்சின. கிழடுகள் தங்கள் கணக்கு முடிந்து நின்றுவிட்டன. உயிரணுவுக்குள்ளேயே ஏதோ ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

அவர்கள் கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது என்று படித்தபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டாயிற்று. கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல போலும்! ஹேஃப்ளிக் சோர்ந்துவிடவில்லை. சந்தேகப்பட்டவர்களுக்கே தம் உயிரணுக்களை அனுப்பி, இவை இன்ன காலத்தில் நின்றுவிடும் என்று சொல்லி, அவர்களையே பார்க்கச் செய்தார். நாலு இடத்திலும் அவர் சொன்னபடியே நடந்தது. காரெலின் அறையில் கிடைக்காத அந்த உரைகல் இங்கே கிடைத்தது.

அந்தக் கணக்குப்பிள்ளை யார் என்பதும் பிறகு தெரிந்தது. உயிரணுவின் மையத்தில் உள்ள குரோமசோம் ஒரு கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனி பிரியாமல் இருக்கக் கயிற்றுக்கு ஒரு முடிச்சுப் போடுகிறோம். குரோமசோமின் நுனியிலும் அப்படி ஒரு காப்பு உண்டு. டெலோமியர் என்று பெயர். ஒவ்வொரு தடவை உயிரணு பிரியும்போதும் அது சிறிது தேய்கிறது. தேய்ந்து ஓர் அளவுக்கு வந்ததும், இனிப் பிரியாதே என்ற உத்தரவு பிறக்கிறது. இந்தக் காப்பை ஆராய்ந்த எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. தேய்மானம் ஒன்றுதான் காரணம் என்பதும் இல்லை. புகை, கதிர்வீச்சு, விஷப் பொருள்கள் முதலியவை உயிரணுவின் மையத்தைக் காயப்படுத்தினாலும் அதே உத்தரவு முன்கூட்டியே வந்துவிடுகிறது. சூளைக்காரருக்கும் நாற்காலிக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்க வேண்டும்.

பிரிவதை நிறுத்திய உயிரணு செத்துப்போனால் பிரச்னை இல்லை. அது சாவதில்லை, அங்கேயே இருக்கிறது. இருப்பது மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் அழற்சியை உண்டாக்கும் பல பொருள்களை ஓயாமல் கக்கிக்கொண்டிருக்கிறது. உத்தியோகம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் உள்ள நாலு வீட்டிலும் கலகம் மூட்டிவிடும் பெரிய மனிதர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த ரகம். 2011-இல் அமெரிக்காவில் மேயோ ஆராய்ச்சி நிலையத்தில், சீக்கிரம் மூப்படையும்படி செய்த சுண்டெலிகளின் உடம்பிலிருந்து இத்தகைய உயிரணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். மூப்பின் அடையாளங்கள் பல தள்ளிப்போயின. உடனே உலகமெங்கும் ஆவல் பிறந்தது. கிழட்டு உயிரணுவைக் கொல்லும் மருந்து கிடைத்தால் கிழத்தனமே போய்விடாதா?

அவசரப்படக் கூடாது. திண்ணைக் கிழவர் எல்லாரும் கலகக்காரர்கள் அல்ல. காயம் ஆறுவதற்கு இந்த உயிரணுக்கள் துணை செய்கின்றன. தாயின் கர்ப்பத்தில் சிசுவின் அவயவங்கள் உருவாவதிலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது. தறிகெட்டுப் பெருகிப் புற்றாக மாறவிருந்த உயிரணு, பிரிவதை நிறுத்திக்கொண்டு நம்மைக் காப்பாற்றுவதும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட முடியாது. எது எங்கே இருக்கிறது, அங்கே அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் படம்.

படம் போடுவது லேசான காரியமா? உடம்பில் உயிரணுக்கள் லட்சம் கோடிக் கணக்கில் இருக்கின்றன. மூப்படைந்தவை அவற்றில் மிகச் சிறுபான்மை. நெல்லில் கலந்த பதர்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. பதரையாவது கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இவற்றுக்கு நெற்றியில் பட்டை நாமம் ஒன்றும் கிடையாது. 1995-இல் ஜூடித் காம்பிசியின் குழுவினர், மூப்படைந்த உயிரணுவை நீலநிறமாக்கிக் காட்டும் ஒரு சாயச் சோதனையை வெளியிட்டார்கள். அது பெரிய உதவி. ஆனால் மூப்படையாத சில உயிரணுக்களும் நீலமாகின்றன. பி16 என்ற புரதம் இன்னொரு அடையாளம். தோலில் நம்பத்தக்க அடையாளம் நுரையீரலில் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. ஒருவர் நீலத்தை நம்பி எண்ணுகிறார். மற்றவர் புரதத்தை நம்பி எண்ணுகிறார். இருவர் கணக்கும் ஒத்துப்போகாமல், இருவரும் அவரவர் கட்டுரையை அச்சிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு காண 2021-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் ஒரு பெரிய கூட்டு முயற்சியைத் தொடங்கின. சென்நெட் என்று அதற்குச் சுருக்கப் பெயர். பல பல்கலைக்கழகங்கள் ஆளுக்குச் சில அவயவங்களை எடுத்துக்கொண்டன. வேறு சிலர் கருவிகளையும் சோதனை முறைகளையும் உண்டாக்குகிறார்கள். எல்லாரும் கண்டதை ஓரிடத்தில் சேர்த்து ஒழுங்குபடுத்தும் வேலையைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஏற்றது. அந்த அவயவப் பங்கீட்டைவிட இந்தக் கடைசி வேலைதான் என் மனத்தைக் கவர்ந்தது. வெளிப் பார்வைக்கு அது குமாஸ்தா வேலை. உண்மையில் அதுதான் உயிர்நாடி.

யோசித்துப் பாருங்கள். உடம்பிலிருந்து எடுத்த திசுவை எத்தனை நேரத்துக்குள் உறைய வைக்க வேண்டும்? ஓரிடத்தில் அரை மணியிலும் மற்றோரிடத்தில் ஆறு மணியிலும் உறைய வைத்தால், தாமதத்தால் வந்த மாறுதலை மூப்பு என்று எண்ணிவிட மாட்டார்களா? நுரையீரலின் எந்த மூலையிலிருந்து எடுத்தது என்று எப்படிக் குறிப்பது? ஒரே உயிரணுவுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் இருந்தால் என்ன செய்வது? கொடுத்தவரின் வயது, பழக்கங்கள், நோய்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஆனால் அவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது. இத்தனைக்கும் ஒரே விதி வேண்டும். விதியை எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும். 2024-இல் இந்தக் கூட்டத்தார், எந்தத் திசுவில் எந்த அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சிபாரிசுகளை வெளியிட்டார்கள். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதே, பல சாட்சிகளைக் கேள் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் இந்த நியாயம் புதிதல்ல.

படம் போடும் சாஸ்திரம் நம் பிரதேசத்துக்கும் புதிதல்ல. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று. வெயிலில் சங்கிலி நீளும், குளிரில் சுருங்கும் என்பதால், அளக்கும்போது அதற்கு நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் வைத்து, நானூறு தடவை எடுத்து வைத்தார்கள். ஐம்பத்தேழு நாளாயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். அந்த ஏழரை மைல் சரியாக இருந்ததால்தான், அதன் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி, குமரி முதல் இமயம் வரை இந்தியாவின் படத்தை எழுத முடிந்தது. உடம்பின் படத்துக்கும் அப்படி ஓர் அடிக்கோடு வேண்டும். அதைத்தான் இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அடிக்கோட்டை யாருடைய உடம்பில் அளக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

சென்நெட் அமெரிக்க நிலையங்கள் நடத்தும் ஏற்பாடு. அவர்களுக்கு எட்டுவது அவர்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் திசுக்கள். அதில் தவறு ஏதும் இல்லை. அவர்கள் பணம், அவர்கள் முயற்சி. மனித உடம்பு எங்கும் ஒன்றுதானே, அங்கே போட்ட படம் இங்கே பயன்படாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குத் திருவள்ளூர் ஒரு பதில் வைத்திருக்கிறது. உலக மருத்துவ சரித்திரத்தில் பொன்னெழுத்தால் எழுத வேண்டிய பதில் அது. எங்கள் வட்டாரத்திலேயே பலருக்குத் தெரியாது.

க்ஷயரோகத்துக்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை வாசகர்கள் அறிவார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், கிண்டியில் அதைத் தயாரிக்கும் நிலையம் ஏற்பட்டது. 1955-இல் ராஜாஜி அந்த ஊசி இயக்கத்தை எதிர்த்து ஒரு சிறு புத்தகமே எழுதினார். நாடெங்கும் வாதம் நடந்தது. இங்கிலாந்தில் 1950-இல் தொடங்கிய பெரிய சோதனையில், பள்ளியை விட்டு வெளிவரும் பருவத்துப் பிள்ளைகளில், ஐந்தில் நான்கு பங்கு நோயை அந்த ஊசி தடுத்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த சோதனையிலோ பயன் மிகக் குறைவு. எது மெய்?

விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார ஸ்தாபனமும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் ஒன்று சேர்ந்தன. தேர்ந்தெடுத்த இடம் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரைச் சுற்றியுள்ள பகுதி. 1997-இல் ஜில்லா பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது பிந்திய கதை. 1968 ஜூலையில் ஆரம்பித்து 1971 மார்ச் வரை, இருநூற்றுக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். டென்மார்க் வித்து ஒன்று, பாரிஸ் வித்து ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு. இவற்றோடு மருந்தே இல்லாத வெறும் ஊசி ஒன்று. எவருக்கு எது போயிற்று என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள்; சந்தேகம் உள்ளவர்களின் சளியைச் சோதித்தார்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசினார். "என்னாத்துக்கு ஊசின்னு நமக்கு என்னா தெரியும் தம்பி? கையில போட்டாங்க. மூணு நாள் களிச்சி வர்றோம்னாங்க, மூணாம் நாளு கரெக்டா வந்து கையைப் பாத்து அளவு எடுத்துக்கினு போனாங்க. எங்க ஆயா பேரு, சின்னாயா பேரு எல்லாம் அந்த நோட்டுல இருந்திச்சி. வெளியூருக்குப் போயிருந்தாக்கூட, எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கினு இன்னொரு வாட்டி வந்தாங்க" என்றார். உலக ஸ்தாபனங்களின் ஒத்துழைப்பு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது, கிராமத்துத் தெருவில் மூன்றாம் நாள் சொன்னபடி வந்து நிற்பதாக இருக்கிறது. அந்த மூன்றாம் நாள் தவறியிருந்தால் ஜெனீவாவில் போட்ட திட்டம் முழுவதும் தண்ணீரில் கரைந்திருக்கும்.

1979-இல் முடிவு வெளிவந்தது. ஏழரை வருஷக் கணக்கில், மருந்து ஊசி போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் நுரையீரல் க்ஷயத்தில் வித்தியாசம் இல்லை. உலகம் திடுக்கிட்டது. பதினைந்து வருஷக் கணக்கு 1999-இல் அச்சாயிற்று. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. குழந்தைகளிடம் ஏதோ சிறிதளவு தென்பட்டது, அவ்வளவுதான். சிசுக்களுக்கு மூளையுறையைத் தாக்கும் கொடிய க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது; அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம்.

இங்கிலாந்தில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? நம் மண்ணிலும் நீரிலும் க்ஷயக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக் கிருமிகள் ஏராளம். சிறு வயதிலேயே உடம்பு அவற்றுடன் பழகிவிடுவதால் ஊசி புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லாமல் போகிறது என்பது பலரும் கூறும் ஒரு விளக்கம். விளக்கம் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். மான்செஸ்டர் பள்ளிப் பையனின் உடம்பில் எழுதிய கணக்கைத் திருவள்ளூர் உடம்பில் அப்படியே போட முடியாது.

"அப்போ எங்களுக்குப் போட்டது வீணா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

வீணில்லை ஐயா என்றேன். இல்லாததை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உலகம் இன்னும் முப்பது வருஷம் போயிருக்கும். உங்கள் கை அதைத் தடுத்தது. வேறு நல்ல ஊசி தேட வேண்டும் என்ற முயற்சிக்குப் பலம் வந்ததும் உங்களால்தான் என்றேன். அவர் தம் தோள்பட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மூப்பின் படத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று நான் கருதுகிறேன். விறகு அடுப்புப் புகையில் நாற்பது வருஷம் சமைத்த பெண்ணின் நுரையீரலையும், சூளை வெக்கையில் வளர்ந்த தோலையும், சிறு வயதிலேயே சர்க்கரை வியாதி கண்ட நம் ஊர்க் கணையத்தையும் பார்க்காமல் போட்ட படம், உலகப் படம் ஆகாது. 2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர். மூப்பு இங்கே சிறிய விஷயம் அல்ல. மூப்படைந்த உயிரணுவை நீக்கும் மருந்தை 2019-இல் நுரையீரல் தழும்பு நோயாளிகள் பதினாலு பேரிடம் அமெரிக்காவில் முதல் தடவையாகப் பரீட்சித்த செய்தி வெளிவந்தது. அத்தகைய மருந்து என்றாவது ஒரு நாள் திருவள்ளூர் மருந்துக் கடைக்கும் வரும். நம் உடம்பைப் பாராமல் அளவு குறித்த மருந்தாக அது வரக் கூடாது.

நம் பக்கத்தில் முயற்சி இல்லாமலும் இல்லை. 2017–18-இல் நாடு முழுவதும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எழுபத்திரண்டாயிரம் பேரை நேரில் கண்டு, கைப்பிடி பலம் முதல் ரத்த அழுத்தம் வரை அளந்தார்கள். அது வெளியிலிருந்து எடுத்த கணக்கு. உள்ளே புகுந்து உயிரணு உயிரணுவாகப் பார்க்கும் வேலையும் சென்னையில் நடக்கிறது. கிண்டி ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம், மனித மூளையை மெல்லிய ஏடு ஏடாகச் சீவி, ஒவ்வோர் உயிரணுவும் தெரியும்படி படம் எடுக்கிறது. 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில், கர்ப்பத்தின் நடு மாதங்களில் உள்ள சிசுக்களின் மூளைப் படத்தை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளாக, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி வெளியிட்டது. பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் சாலையில் உள்ள சவீதா மருத்துவக் கல்லூரியும், சென்னை மெடிஸ்கேனும் இதில் சேர்ந்தன. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாட்டு விஞ்ஞானிகளும் கைகொடுத்தார்கள். அது வாழ்வின் ஆரம்பத்துப் படம். ஆரம்பத்தை எழுதத் தெரிந்த கை முடிவையும் எழுதும்.

அந்த ஏடுகளைப் பார்க்கும்போது, ஓர் எண்ணம் எழாமல் இருப்பதில்லை. ஒவ்வோர் ஏட்டுக்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறாள். குழந்தை தங்காத துக்க நாளில், யாரோ ஒருவர் அவளிடம் போய்ப் பணிவாக அனுமதி கேட்டிருக்க வேண்டும். அவளும் சம்மதித்திருக்க வேண்டும். உலகத்தில் இது எப்போதும் இப்படி நடந்ததில்லை. 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுத் திசுவை அவளைக் கேட்காமலே எடுத்து வளர்த்தார்கள். அவள் அதே வருஷம் இறந்தாள், அவள் உயிரணுக்கள் இன்றும் ஆராய்ச்சிசாலைகளில் பெருகுகின்றன. ஹேஃப்ளிக் 1962-இல் உண்டாக்கிய பிரசித்தி பெற்ற உயிரணுத் தொகுதி, ஸ்வீடனில் கலைக்கப்பட்ட ஒரு கருவிலிருந்து வந்தது. அந்தத் தாயிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த தடுப்பூசிகள் அதிலிருந்து உண்டாயின என்பது மெய். கேட்காமல் எடுத்தது என்பதும் மெய். முதல் மெய் இரண்டாவதை அழித்துவிடாது. நம் நாட்டில் 1980-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2017-இல் அதை விரிவாகத் திருத்தி வெளியிட்டது. நெறி காகிதத்தில் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் புரியும் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசைதோறும் ஜனங்கள் வெல்லம் கரைக்கிறார்கள். நோய் அதுபோல் கரைய வேண்டும் என்று பிரார்த்தனை. கொடுப்பது நம் ஜனங்களுக்கு அந்நியமான காரியம் அல்ல. கரைத்த வெல்லத்துக்கு அவர்கள் ரசீது கேட்பதில்லை. பெருமாளிடம் அது சரி. விஞ்ஞானியிடம் கேட்க வேண்டும். என்ன எடுத்தீர்கள், எதற்கு எடுத்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று கேட்க உரிமை உண்டு. ஒன்றும் காணவில்லை என்றாலும் அதையும் சொல்லக் கேட்க வேண்டும். திருவள்ளூர்ச் சோதனையின் பெருமை அதன் பிரம்மாண்டத்தில் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதைப் பத்து வருஷ உழைப்புக்குப் பிறகும் மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்களே, அங்கேதான் இருக்கிறது.

மூப்பின் படம் முடிய இன்னும் பல வருஷம் ஆகும். அதில் நம் ஜனங்களின் திசுவும் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேட்டுப் பெற்றதாகவும், வந்து சொல்கிறோம் என்று சொன்ன நாளில் வந்து சொன்னதாகவும் அது இருக்க வேண்டும். லாம்ப்டனின் சங்கிலிக்கு நிழல் கொடுத்தார்கள், அளவு பிசகாமல் இருக்க. மனிதர்களை அளக்கும்போது கொடுக்க வேண்டிய நிழல் இதுதான்.